இரண்டு கோப்பைகளும் பத்து இறுதித் தோல்விகளும்: நம்ம ரஞ்சி அணியின் கதை



போன வாரம் நம்ம பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சண்டை. வழக்கம்போல ஐ.பி.எல்.லில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது. பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, "மும்பை ரஞ்சிக் கோப்பை 42 தடவை அடிச்சிருக்கான், கர்நாடகா 8 தடவை. நம்ம தமிழ்நாடு என்ன அடிச்சிருக்கு?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டான். அதற்கு ஒருத்தன் "ஒண்ணுகூட இல்ல" என்றான். இன்னொருத்தன் "அஞ்சு" என்றான். அது வேறு கோப்பை, அதற்குப் பிறகு வருகிறேன். கடைசியில் "ஹிஸ்டரி சார் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குழுவில் எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். 32 வருஷம் 45 நிமிஷப் பீரியடுக்குப் பழகிய வாய், சீக்கிரம் நிற்காது.

கிரிக்கெட் தெரியாத மதினிமார்களுக்காக இரண்டே வரி. ஐ.பி.எல். என்பது முதலாளிகள் ஏலத்தில் எடுக்கும் அணிகள். ரஞ்சி அப்படி இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மோதும் போட்டி. நாலு நாள், அஞ்சு நாள் வெள்ளை உடையில் ஆடுவது. 1934-இல் ஆரம்பித்தது. ஜாம்நகர் மகாராஜாவாக இருந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரை வைத்தார்கள். அயர்லாந்தில் அவர்களுடைய சொந்தக் கால்பந்தை ஒவ்வொரு ஜில்லாவும் தன் ஊர்ப் பையன்களை வைத்து ஆடுமாம், வெளியாளை விலைக்கு வாங்க முடியாதாம். அந்த மாதிரி, 'இது நம்ம அணி' என்று சொல்லிக்கொள்ள இங்கே இருப்பது ரஞ்சி அணிதான்.

இந்தப் போட்டியின் முதல் ஆட்டமே நம்ம சேப்பாக்கத்தில் நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் நம்ம எம்.ஜே.கோபாலன். மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது. மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் மெட்ராஸ் ஜெயித்தது. எல்லாம் ஒரே நாளில்! நாள் கணக்கில் நடக்க வேண்டிய ஆட்டம் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஏ.ஜி.ராம் சிங் என்பவர் மட்டும் 11 விக்கெட் எடுத்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இதில் ஒரு வேடிக்கை, அன்றைக்கு மெட்ராஸ் அணித் தலைவர் ஒரு வெள்ளைக்காரர், சி.பி.ஜான்ஸ்டன். அந்தக் காலத்துச் சென்னைக் கிரிக்கெட் அப்படித்தான். 1846-இல் வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தொடங்கினார்கள். அங்கே நம்மவர்களுக்கு இடமில்லை. அதற்குப் பதில் சொல்வதுபோல புச்சி பாபு நாயுடு என்ற செல்வந்தர் 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். 1908-இல் அது முதன்முதலாக நடப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால் இறந்துபோனார். பிறகு அந்த ஆட்டம் பல காலம் பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் திருவிழா மாதிரி நடந்தது. புச்சி பாபு பெயரில் இன்றைக்கும் போட்டி நடக்கிறது. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது மிகையில்லை.

கோபாலனைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. அவர் கிரிக்கெட்டோடு ஹாக்கியும் ஆடினவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணியில் ஆட வாய்ப்பு, அதே சமயம் இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியிலும் இடம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தியான் சந்தின் ஹாக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் மொத்தமே ஒரே டெஸ்ட்தான், அதுவும் 1934-இல் கல்கத்தாவில் ஆடியது. இரண்டு கதவு திறந்திருக்கும்போது எதில் நுழைவது என்று யார்தான் சொல்ல முடியும்? 1952-53 முதல் மெட்ராஸும் இலங்கையும் பல ஆண்டுகள் மோதிய போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பது ஒரு ஆறுதல்.

சரி, கோப்பைக்கு வருவோம். இரண்டாவது வருஷமே, 1935-36-இல், மெட்ராஸ் இறுதிக்குப் போனது. பம்பாயிடம் தோற்றது. 1940-41-இல் மறுபடி. மகாராஷ்டிராவிடம் தோற்றது. இந்த இரண்டையும் ஞாபகம் வையுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த மாதிரி இன்னும் எட்டு வரப்போகிறது.

முதல் கோப்பை 1954-55-இல் கிடைத்தது. என்னைக் கேட்டால் நம்ம அணியின் வரலாற்றிலேயே அருமையான ஆட்டம் அதுதான். அப்போது நான் கைக்குழந்தை. இதெல்லாம் பிற்காலத்தில் தேடித் தேடி என் நீள நோட்டில் எழுதி வைத்தது. (என் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த நோட்டைத் தெரியும். நாளிதழ் ஸ்கோர்களை வெட்டி, பசை போட்டு ஒட்டியது. வீட்டில் அதற்குப் பெயர் 'சாரோட ரெண்டாவது சம்சாரம்'.)

எதிரணி ஹோல்கர். இந்தூர் மகாராஜாவின் அணி. நாற்பதுகளின் நடுவில் தொடங்கி எட்டு வருஷத்துக்குள் நாலு கோப்பை எடுத்த அணி. அவர்கள் ஊரிலேயே, இந்தூரிலேயே இறுதி ஆட்டம். மெட்ராஸ் முதலில் 478. ஹோல்கர் 417. மெட்ராஸ் மறுபடி 311. ஹோல்கர் 326. கூட்டிக் கழித்துப் பாருங்கள், கணக்கு சார் கோபிக்க மாட்டார்: 46 ரன். அத்தனை நாள் ஆடி, ஆயிரத்து ஐந்நூறு ரன்னுக்கு மேல் குவித்து, கடைசியில் வித்தியாசம் 46!

அந்த ஆட்டத்தின் நாயகன் ஏ.ஜி.கிருபால் சிங். முதலில் 75, பிறகு 91, கூடவே ஏழு விக்கெட். அதற்கு முந்தைய அரையிறுதியில் பெங்காலுக்கு எதிராக 98, 97. நாலு தடவையும் சதத்தை எட்டவில்லை, ஆனால் கோப்பையை எட்ட வைத்தார். அந்த சீசனில் மட்டும் 636 ரன், 13 விக்கெட். அதே வருஷக் கடைசியில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார்.

கிருபால் யார் தெரியுமா? 1934-இல் முதல் ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்தாரே, அந்த ராம் சிங்கின் மகன். சென்னையில் வேர்விட்ட ஒரு சீக்கியக் குடும்பம். கிருபாலின் தம்பி மில்கா சிங்கும் இந்தியாவுக்கு ஆடினார் (ஓட்டக்காரர் மில்கா சிங் வேறு, இவர் வேறு. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தன் குழப்பிக்கொள்வான்). கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால் சிங் 1988-89-இல் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக 302 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அதே இன்னிங்ஸில் டபிள்யூ.வி.ராமன் 313. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம்! மொத்தம் 6 விக்கெட்டுக்கு 912. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை நம்ம மாநிலத்துக்கு ஆடியிருக்கிறது. மண்ணின் மைந்தன் யார் என்று குழுவில் அடிக்கடி வாதம் நடக்கிறதே, அவர்கள் இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அந்த 1955 அணிக்குத் தலைவர் பாலு அளகண்ணன். பிற்காலத்தில் அவர் வானொலி வர்ணனையாளர் ஆனார். ஆக, எங்கள் தலைமுறை முதல் கோப்பையைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் அதைக் கையில் வாங்கியவரின் குரலைக் காதால் கேட்டோம். கூத்தபிரான், அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் வர்ணனையும் அப்படித்தான். பொங்கல் நேரத்தில் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் சோழபுரத்தில் டீக்கடை ரேடியோவைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். பந்தையே பார்த்திராத பெரியவர்கள்கூட 'மட்டையாளர்', 'எல்லைக்கோடு' என்று பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

தோற்ற ஹோல்கர் அணி அந்த சீசனோடு மறைந்துபோனது. சமஸ்தானங்கள் போய், அதன் இடத்தில் வேறு பெயரில் அணி வந்தது. நம் அணியின் பெயரும் மாறியது. 1969 ஜனவரி 14-இல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. 1956-இல் உயிரைக் கொடுத்த சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தது நம்ம விருதுநகர் மண்ணில் என்பதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் 'மெட்ராஸ்' என்பது 'தமிழ்நாடு' ஆனதற்குப் பின்னாலும் அவர் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எழுபதுகளில் இந்த அணி எப்படி இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரியும். வெங்கட்ராகவன் ஒரு பக்கம், வி.வி.குமார் இன்னொரு பக்கம். வெங்கட் ரஞ்சியில் 500 விக்கெட்டுக்கு மேல், குமார் 400-க்கு மேல். இரண்டு பேரும் ஒரே அணியில் இருந்தும் ஒரு கோப்பை இல்லை. 1967-68 இறுதியில் பம்பாயிடம் முதல் இன்னிங்ஸ் ரன்னில் பின்தங்கித் தோற்றோம். (ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் யார் அதிகம் எடுத்தாரோ அவருக்குக் கோப்பை. இதுதான் விதி. இந்த விதி நம்மைப் பிற்பாடும் பல தடவை கடித்திருக்கிறது.)

1972-73 இறுதி சேப்பாக்கத்தில். எதிரணி மறுபடி பம்பாய். ஆடுகளம் சுழலுக்கென்றே அமைந்தது. வெங்கட்டும் குமாரும் இருக்க என்ன பயம்? பம்பாயை 151-க்கு மடக்கியாகிவிட்டது. அப்போது நான் கல்லூரி மாணவன். அன்றைக்கு இரவு சரியாகத் தூங்கவில்லை, கோப்பை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில். மறுநாள் பேப்பரில் பார்த்தால், நம்ம ஆட்கள் 80-க்குக் காலி. பம்பாய் இரண்டாவது தடவை 113. நாம் 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துபோனது. பத்மாகர் ஷிவால்கர் என்ற இடதுகைச் சுழலர், இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர், முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5. மொத்தம் 34 ரன்னுக்கு 13 விக்கெட். நாம் வெட்டிய குழியில் நாமே விழுந்த கதை. தன் ஊர் ஆடுகளம், தன் பலம் என்று நினைத்ததே எதிரிக்கும் பலமாக இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பானிப்பட்டு, தலைக்கோட்டை எல்லாம் நடத்தும்போது இந்த ஆட்டத்தையும் உதாரணம் சொல்வேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தது தனிக் கதை.

அப்புறம் 15 வருஷம் இறுதிப் பக்கமே போகவில்லை. நடுவில் ஒரு மின்னல்: 1981-82-இல் 16 வயசுப் பையன் எல்.சிவராமகிருஷ்ணன் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே டெல்லியின் 7 விக்கெட்டை 28 ரன்னுக்குச் சாய்த்தான். அந்தச் சமயத்தில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். நம்ம பள்ளிக்கூடத்தில் லெக் ஸ்பின் போடாத கை இல்லை. புளியங்கொட்டையை வைத்துக்கூடச் சுழற்றிப் பார்த்தார்கள்.

1987-88. முந்தைய வருஷம் ஹைதராபாத் கோப்பையை எடுத்திருந்தது. இந்த வருஷம் நாம். தலைவர் எஸ்.வாசுதேவன், அவரும் இடதுகைச் சுழலர். இறுதி சேப்பாக்கத்தில், எதிரணி ரயில்வே. ரயில்வே முதலில் 317. அதற்கு நாம் எடுத்தது 709! ரயில்வே மறுபடி 248. இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வித்தியாசத்தில் வெற்றி. 33 வருஷத்துக்குப் பிறகு இரண்டாவது கோப்பை. அடுத்து இரானிக் கோப்பையில் மீதி இந்தியா அணியையும் தோற்கடித்தார்கள். அதே 1988-89-இல் ராமன் ஒரே சீசனில் 1018 ரன் எடுத்து, ரூசி மோடி 1944-45-இல் எடுத்த 1008 ரன் சாதனையை முறியடித்தார்.

இனி நான் சொல்லப்போவது நோட்டில் இல்லாதது.

அந்தக் கோப்பை வந்த வருஷம் நம்ம ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றியதும் நடந்த ஆட்டங்கள் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆசாரியிடம் சொல்லிச் செய்த வேப்பமர மட்டை, ஸ்டம்புக்குப் பருத்திமார்க் குச்சி. மில் ஷிஃப்ட் முடிந்து வரும் அண்ணன்மார்கள் அம்பயர். அதில் ஒரு பையன், இடதுகையால் வேகமாகப் போடுவான். ஓடி வருவது ஏழெட்டு அடிதான், ஆனால் பந்து தரையில் பட்டதும் ஒரு சீற்றம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்களோடு நடந்த ஒரு ஆட்டத்தில் ஆறு பேரைக் குச்சி தெறிக்கப் போல்டாக்கினான். அதைப் பார்த்த யாரோ ஒருவர், மாவட்ட ஜூனியர் அணிக்குத் தேர்வு நடக்கிறது, பையனை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது நம்ம மாவட்டத்துக்குப் பெயர் காமராஜர் மாவட்டம்.

தேர்வு நாளும் அரையாண்டுத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்தது. பள்ளியிலிருந்து கடிதம் வேண்டும், வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். வகுப்பாசிரியர் நான்தான். பையன் தாளை நீட்டினான். அவன் அப்பா மில்லில் கூலி வேலை, பையன் படித்து மேலே வந்தால்தான் குடும்பம் நிமிரும் என்று எனக்குத் தெரியும். "கிரிக்கெட்டெல்லாம் மெட்ராஸ்காரன் ஆடுறதுடா. நமக்கு எங்க கிடைக்கும்? பரீட்சையை எழுது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சார்" என்று போய்விட்டான். பரீட்சையில் நல்ல மார்க்தான் எடுத்தான்.

அன்றைக்கு நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்போது தமிழ்நாடு அணிக்குப் போகும் பாதை சென்னை லீக்தான். பெரிய கம்பெனிகளும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தங்கள் அணியில் ஆட வைக்கும். அந்த லீக்கில் கண்ணில் பட்டால்தான் ரஞ்சி. சோழபுரத்துப் பையன் சென்னையில் எங்கே தங்குவான், யார் சோறு போடுவார்கள்? இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சென்னை முதல் டிவிஷன் லீக்கின் பரிசுக்குப் பெயர் பாளையம்பட்டி ராஜா ஷீல்டு. பாளையம்பட்டி என்றதும் நமக்கெல்லாம் அருப்புக்கோட்டைப் பக்கம்தானே ஞாபகம் வரும்! ஷீல்டில் நமக்குப் பழகின ஊரின் பெயர், ஆடுவதற்குத்தான் நம்ம ஊர்ப் பையன்கள் இல்லை.

எனக்கு அப்போது சரியென்று பட்டது. ரொம்ப நாள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மீதிக் கணக்கை முடிக்கிறேன். 1988-க்குப் பிறகு ரஞ்சிக் கோப்பை வரவில்லை. இறுதிக்குப் போகாமல் இல்லை. 1991-92-இல் டெல்லியிடம் தோல்வி. 1995-96-இல் சேப்பாக்கத்திலேயே கர்நாடகாவிடம், முதல் இன்னிங்ஸ் ரன்னில். 2002-03, 2003-04 என்று அடுத்தடுத்து மும்பையிடம், அதில் இரண்டாவது சேப்பாக்கத்தில். 2011-12-இல் மறுபடி சேப்பாக்கம், ராஜஸ்தான். வினீத் சக்சேனா என்பவர் 257 ரன் எடுத்தார். அவர் அவுட்டாவதற்குள் ஒரு நெல் போகமே அறுத்திருக்கலாம். ராஜஸ்தான் 621, நாம் 295. அதோடு கதை முடிந்தது. 2014-15-இல் மும்பை வான்கடேயில் கர்நாடகாவோடு. நாம் 134. கருண் நாயர் தனியாகவே 328. கர்நாடகா 762. நம்ம இரண்டாவது இன்னிங்ஸ் 411, நல்ல ஸ்கோர்தான், ஆனால் இன்னிங்ஸ் மற்றும் 217 ரன்னில் தோல்வி.

எண்ணிப் பார்த்தால் மொத்தம் 12 இறுதி ஆட்டம். 2 வெற்றி, 10 தோல்வி. அந்தப் பத்தில் ஐந்து பம்பாய் என்ற மும்பையிடம். அதனால், பெங்களூர்த் தம்பி, உன் கேள்விக்குப் பதில் 'இரண்டு'. ஆனால் 12 தடவை இறுதிக்குப் போன அணியை 'ஒண்ணும் அடிக்கல' என்று சொல்வது நியாயமில்லை. நம்ம பக்கத்துக் கேரளா முதன்முதலாக இறுதிக்குப் போனதே 2024-25-இல்தான். என் கட்சி என்னவென்றால், நமக்கு ஆட்டக்காரர்கள் குறைவில்லை, சேப்பாக்கத்தில் தோற்ற இறுதிகளைப் பார்த்தால் பதற்றம்தான் அதிகம். சொந்த ஊரில், சொந்தக் கூட்டத்தின் முன்னால் மேடையேறும் பையன் வசனத்தை மறப்பதில்லையா, அந்த மாதிரி. இது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், மரியாதையாக.

குழுவில் 'அஞ்சு' என்று சொன்ன தம்பி சொன்னதும் சரிதான், அது விஜய் ஹசாரே கோப்பை. ஒரு நாள் ஆட்டம். 2002-03, 2004-05 (அது உத்தரப் பிரதேசத்தோடு பங்கு), 2008-09, 2009-10, 2016-17. கடைசியாகச் சொன்ன சீசனில் தியோதர் கோப்பையும் நமக்கே. இருபது ஓவர் ஆட்டத்தில் மூன்று: 2006-07-இல் மாநிலங்களுக்கான முதல் போட்டியே நமக்கு, பஞ்சாபை வென்று. அப்புறம் சையது முஷ்டாக் அலி கோப்பை 2020-21-இலும் 2021-22-இலும். முதல் இரண்டுக்கும் தலைவர் தினேஷ் கார்த்திக், மூன்றாவதுக்கு விஜய் சங்கர். முஷ்டாக் அலி யார் என்கிறீர்களா? 1955-இல் நாம் தோற்கடித்தோமே அந்த ஹோல்கர் அணியின் மன்னன்! வரலாறு எப்படிச் சுற்றி வருகிறது பாருங்கள்.

2021 நவம்பர் 22-ஆம் தேதி ஆட்டத்தை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். டெல்லியில் இறுதி, எதிரில் கர்நாடகா. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். நம்ம ஷாருக் கான் சிக்ஸர் அடித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சூரத்தில் இதே கர்நாடகாவிடம் ஒரே ஒரு ரன்னில் இறுதியில் தோற்றிருந்தோம் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் அந்த சிக்ஸரின் அருமை தெரியும். நான் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டுச் சித்தி என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். ஆனால் ஒரு மாதம் கழித்து, ஜெய்ப்பூரில், ஹசாரே இறுதியில் 314 ரன் எடுத்தும் வெளிச்சக் குறைவால் ஆட்டம் நின்று, கணக்குப்படி 11 ரன்னில் இமாச்சலத்திடம் போனது. நம்ம ராசி அப்படி.

அடுத்த வருஷம் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 50 ஓவரில் 506 ரன் எடுத்தார்கள், ஜெகதீசன் 277. தொடர்ந்து ஐந்து ஆட்டத்தில் ஐந்து சதம். உலக சாதனை. ரஞ்சியில் 2023-24 அரையிறுதி வரை போனோம், சாய் கிஷோர் 53 விக்கெட் எடுத்தார். அரையிறுதியில் யாரிடம் தோற்றோம் என்று சொல்லவும் வேண்டுமா? மும்பைதான்.

இதையெல்லாம்விட என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு பெயர். நடராஜன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுக் கூலி, அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பையன், இடதுகை வேகம். சென்னைக்குப் போய் லீக் ஆடி, 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக ரஞ்சியில் இறங்கினான். உடனே, பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று ஒரு தடங்கல். திருத்திக்கொண்டு திரும்பி வந்தான். 2016-இல் டி.என்.பி.எல். ஆரம்பித்தது. திண்டுக்கல் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் ஆட்டம் நடந்தது, மாவட்டத்துப் பையன்கள் டி.வி.யில் தெரிய ஆரம்பித்தார்கள். அந்த வழியாக நடராஜன் ஐ.பி.எல்., அங்கிருந்து 2020-21 ஆஸ்திரேலியா. வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவன், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினான். ஊருக்குத் திரும்பியபோது சாரட்டு வண்டியில் ஊர்வலம்.

அந்த ஊர்வலத்தை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தது எனக்குத் தெரியவில்லை. ஆறிப்போய்விட்டது. ஏழெட்டு அடி ஓட்டம், தரையில் பட்டதும் சீற்றம், பருத்திமார்க் குச்சி தெறித்தது, எல்லாம் வரிசையாக வந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் நடராஜன் ஆகியிருப்பான் என்று சொல்லவில்லை. 1988-க்கும் 2016-க்கும் நடுவில் பாதை மாறியிருக்கிறது. தேர்வுக்குப் போயிருந்தாலும் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்னவோ. ஆனால் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. நான் ஏன் செய்தேன் என்பதுதான் கேள்வி.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் நன்றாக இருக்கிறான். சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்திருக்கிறான். மகள் காலேஜ் போகிறாள். நம்ம குழுவிலும் இருக்கிறான். அதிகம் பேச மாட்டான். போன வாரம் அத்தனை பேரும் சண்டை போட்டபோது ஒரே ஒரு செய்திதான் போட்டான்: "1955, 1988." வேறு ஒரு வார்த்தை இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

தம்பி, அடுத்த மாதம் ஊர்ப் பொங்கலுக்கு வருவாய் என்று உன் அண்ணன் சொன்னான். வீட்டுக்கு வா. நீள நோட்டில் 709 ரன் ஸ்கோர் அட்டை இருக்கும் பக்கத்தை அடையாளம் வைத்திருக்கிறேன். பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. மகளையும் கூட்டி வா, சப்பட்டை மாம்பழம் சீசன் இல்லாவிட்டாலும் பால்கோவா கட்டாயம் உண்டு.

மற்றவர்களுக்கு: 1987-88 அணியின் படம் வெட்டி வைத்த பேப்பர் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். என்னிடம் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது.